மேங்கோ என்று சொல்லிக் குடைமிளகாய் கொடுத்த பாட்டி

காவேரிப்பட்டணத்துக்காரன்:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் 14 வருஷமாக டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். மே முதல் ஜூலை வரை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டிரம் எண்ணிக்கை, 3.1 கிலோ டின் எண்ணிக்கை என்று எதைத் தொட்டாலும் மேங்கோ மேங்கோ மேங்கோதான். ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை எத்தனை தடவை டைப் அடிப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட எனக்கே அதன் அர்த்தம் தெரியாது என்று என் அக்கா மகன் போன வருஷம் நிரூபித்துவிட்டான்.

பையன் அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கிறான். வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டி கதவைத் தட்டி, "ஸ்டஃப்டு மேங்கோ செய்திருக்கிறேன், சாப்பிட வா" என்று கூப்பிட்டிருக்கிறார். ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆன கிருஷ்ணகிரிப் பையனிடம் அதைச் சொன்னால் என்ன ஆகும்? பாதிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடியிருக்கிறான். தட்டில் இருந்தது பச்சைக் குடைமிளகாய். உள்ளே கொத்துக்கறியும் சோறும் அடைத்து, மேலே தக்காளிச் சாறு ஊற்றி வேகவைத்தது. பாட்டிக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று நினைத்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்து எனக்குப் போன் போட்டான். "மாமா, இங்கே குடைமிளகாயை மேங்கோங்கறாங்க மாமா."

பாட்டி சொன்னதில் தப்பே இல்லை. ஓஹையோ, இண்டியானா, பென்சில்வேனியா பக்கம் பழைய ஆட்கள் குடைமிளகாயை மேங்கோ என்றுதான் சொல்வார்களாம். காரணம் நம்ம ஊறுகாய்! அந்தக் காலத்தில் கப்பல் இங்கிருந்து இங்கிலாந்து போய்ச் சேர மாசக்கணக்கில் ஆகும். பழம் எங்கே தாங்கும்? உப்பிலும் வினிகரிலும் போட்டதுதான் போய்ச் சேர்ந்தது. மேங்கோ என்ற பெயரில் அவர்கள் பார்த்ததே ஊறுகாயைத்தான், அதனால் அவர்களுக்கு மேங்கோ என்றாலே ஊறுகாய் என்று ஆகிவிட்டது. நம்ம மாங்காய் கிடைக்காதவர்கள் முலாம்பிஞ்சு, வெள்ளரி, பீச் என்று கையில் கிடைத்ததைக் குடைந்து மசாலா அடைத்து வினிகரில் ஊறவைத்து அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். 'மேங்கோ செய்வது' என்று வினைச்சொல்லாகக்கூட இருந்திருக்கிறது. அந்த வரிசையில் முட்டைக்கோஸ் அடைத்த குடைமிளகாயும் வந்து, கடைசியில் உள்ளே அடைத்ததும் போய், ஊறவைப்பதும் போய், வெறும் குடைமிளகாய்க்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, மேங்கோ என்ற சொல் எங்கிருந்து வந்தது? போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்கினார்கள். அங்கே கேட்ட மலையாள 'மாங்ங'யை 'மங்கா' என்று எடுத்துக்கொண்டு போனார்கள், அது ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. மலையாளச் சொல்லுக்கும் நம்ம மாங்காய்க்கும் வேர் ஒன்றுதான், மா கூட்டல் காய். லின்னேயஸ் 1753இல் மரத்துக்கு வைத்த 'மாங்கிஃபெரா இண்டிகா' என்ற பெயரிலும் அந்த மாங்காதான் உட்கார்ந்திருக்கிறது, 'ஃபெரா' என்றால் தாங்குவது.

யோசித்துப் பார்த்தால் நாமும் வெள்ளைக்காரனும் இதில் ஒன்று. மேங்கோவுக்குள் 'காய்' ஒளிந்திருப்பது தெரியாமல் அவன் 'ரைப் மேங்கோ' என்கிறான், அதாவது பழுத்த மாங்காய். நம்ம மண்டியிலும் அதே கதைதான். பழுக்க வைக்கப் போவதும் மாங்காய், கூழுக்கு வருவதும் பெங்களூரா மாங்காய் லோடு. மாம்பழ மண்டி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? போர்த்துகீசியன் காதில் விழுந்ததும் வியாபாரிகள் பேச்சாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு, ஆதாரமெல்லாம் கேட்காதீர்கள்.

உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

போச்சம்பள்ளி தோப்பு:
எனக்கு நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை அண்ணா, நஷ்டம். வடக்கே ஒரு பார்ட்டி (பெயர் வேண்டாம்) வாட்ஸ்அப்பில் 'கிரீன் மேங்கோ 2 டன்' என்று அனுப்பினார். நம்ம பாஷையில் கிரீன் என்றால் முற்றின காய், பறித்துப் பழுக்க வைப்பது. நல்ல பங்கனப்பள்ளியாகப் பார்த்துப் பறித்து, காம்பு கிள்ளி, பால் வடியவிட்டு ஏற்றிவிட்டேன். அந்த ஆள் கேட்டதோ ஊறுகாய்க்கான புளிப்புக் காய். லாரி போய்ச் சேருவதற்குள் பாதி மஞ்சள் தட்டிவிட்டது. "இது மேங்கோ, நான் கேட்டது கிரீன் மேங்கோ" என்று போட்டோ மேல் போட்டோ. பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். தமிழில் கேட்டிருந்தால் 'ஊறுகாய்க் காய்' என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் முதலில் காயை அறுத்துப் போட்டோ அனுப்பிவிட்டுத்தான் பேச்சு.

தர்மபுரி தமிழ் டீச்சர்:
காயும் கனியும் வேறு வேறு என்பதில் நம்ம இலக்கணக்காரர்கள் ரொம்பக் கறார். செய்யுளில் மூவசைச் சீர் நேரசையில் முடிந்தால் தேமாங்காய் மாதிரி காய்ச்சீர், நிரையில் முடிந்தால் தேமாங்கனி மாதிரி கனிச்சீர். எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு இதை நடத்தும்போது கடைசி பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "மிஸ், எங்க தோப்புல தேமா இல்ல, செந்தூராதான் இருக்கு" என்றான். அலகிடுவதை மறந்துவிட்டு வகுப்பே சிரித்தது.

பென்னாகரம் டெய்லர்:
நான் மொசாம்பிக்கில் தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக 3 வருஷம் இருந்தேன், அங்கே பேச்சு போர்த்துகீசியம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெண் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து "மங்கா, மங்கா" என்று கத்துகிறாள். நான் என்னைத்தான் மாங்கா மடையன் என்று திட்டுகிறாள் என்று நினைத்துவிட்டேன், ஏனென்றால் அன்றைக்கு நான் வெட்டிக் கொடுத்த அளவு அப்படி. அப்புறம்தான் விளங்கியது, அவர்கள் பேச்சில் சட்டைக் கைக்கும் மங்காதான் பெயர். இடது கை ஒரு இஞ்ச் குட்டை! அந்த மங்கா லத்தீனில் இருந்து வந்ததாம், நம்ம மாங்காய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, கேட்க மட்டும் ஒன்று. அங்கேயும் தெருவெல்லாம் மாமரம், பழக்காரி கூவினாலும் மங்காதான், கை சரியில்லை என்றாலும் மங்காதான்.

ஓசூர் பஸ்:
என் பெண் 'மாங்கா வாங்கித் தாப்பா' என்றாள். உப்பு மிளகாய்த்தூள் போட்டு வாங்கிக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கேட்டது ஜப்பான் படக்கதைப் புத்தகம்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
ஓசூர் அண்ணன் எழுதியதைப் படித்து ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டெய்லர் அண்ணா, எங்கள் இன்வாய்ஸ் ஏதாவது போர்த்துகீசியம் பேசும் பிரேசிலுக்குப் போனால் சட்டைக் கை ஞாபகம்தான் வரப்போகிறது.

ஓஹையோ பாட்டி கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. குடைமிளகாய்க்குப் பதில் மரியாதை செய்யவேண்டும் என்று பையன் கடையில் மெக்சிகோ மாம்பழம் இரண்டு வாங்கி, தோல் சீவி, பத்தை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தானாம். அந்தப் பழத்தைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. "நாரு மாமா, பல்லுல மாட்டுது" என்றான். பாட்டி மூன்று பத்தை சாப்பிட்டுவிட்டு, "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு மேங்கோ என்றால் குடைமிளகாய். மாங்காய் என்றால் இது பழம், மாம்பழம் என்றால் அவர் வாயில் நுழையாது. பையனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அப்புறம் என்னடா சொன்னே?" என்றேன்.

"பெங்களூரான்னு சொல்லிட்டேன் மாமா. நல்ல பேருன்னாங்க."