'க்ளான்' ஐரிஷ் சொல்லா, லத்தீன் கடனா?

நெடுவழி:
ஐரிஷ் மொழியில் பிள்ளைகளையும் வழித்தோன்றல்களையும் குறிக்கும் 'க்ளான்', லத்தீன் 'பிளான்டா'விலிருந்து வந்தது என்று அகராதிகள் எழுதுகின்றன. என்னால் ஏற்க முடியவில்லை. குடிவழியையே உயிராகக் கருதிய சமூகம் பெற்ற பிள்ளைகளுக்குக் கடன்சொல்லா வாங்கும்? பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழியான வெல்ஷில் பிள்ளைகள் 'பிளான்ட்'. தலைக்குப் பழைய ஐரிஷில் 'கென்', வெல்ஷில் 'பென்'. ஐரிஷில் ககரம், வெல்ஷில் பகரம். இரண்டும் சேர்ந்த கெல்டிக் மொழிக்குடும்பத்தின் பொதுவான வேருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கல்லெழுத்து:
அந்தச் சான்று போதாது நண்பரே. ஈஸ்டர் திருநாள் ஐரிஷில் 'காஷ்க்', வெல்ஷில் 'பாஸ்க்'. அதே ககர, பகர இணைதான். ஆனால் எபிரேயத்தில் பிறந்து, கிரேக்கமும் லத்தீனும் கடந்து கிறிஸ்தவத்தோடு வந்த சொல் அது. ஊதா நிறத்தைக் குறிக்கும் லத்தீன் 'புர்புரா'வும் இப்படித்தான் ஐரிஷில் 'கோர்குர்' ஆனது.

லத்தீனுக்கும் கெல்டிக்குக்கும் பொதுவான மூல மொழியின் பகரத்தைக் கெல்டிக் எப்போதோ இழந்துவிட்டது. தந்தைக்கு லத்தீனில் 'பாத்தெர்', பழைய ஐரிஷில் 'அதிர்'. ஆகவே முதலில் வந்த லத்தீன் சொற்களின் பகரத்தை ஐரிஷ்காரர்கள் 'க்வ' என்று ஒலித்தார்கள். பின்னர் அது ககரமாயிற்று. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்து ஆராக்லென் கல்லைப் பாருங்கள். ஓகம் என்னும் பழைய ஐரிஷ் கோட்டெழுத்தில் வெட்டியது அது. 'பிரெஸ்பிதெர்' என்ற பாதிரியார் பட்டம் அதில் 'க்வ்ரிமிதிர்' என்று இருக்கிறது. ஓகத்தில் நான்கு கோடு 'க'. ஐந்து கோடு 'க்வ'. அங்கே வெட்டியிருப்பது ஐந்து கோடு!

மழைக்கால்:
பழைய ஐரிஷில் 'க்ளான்' என்ற சொல்லுக்குச் செடி என்ற பொருளும் உண்டு. அதிலிருந்து வந்த, நடுதலைக் குறிக்கும் வினையும் உண்டு. நாம் தென்னம்பிள்ளை என்கிறோமே, அந்த உறவுதான்.

நெடுவழி:
ஒலியை விடுங்கள். லத்தீனில் 'பிளான்டா' நடுவதற்கான இளங்கிளை. பிள்ளைகளுக்கு வழக்கமான சொல் அன்று. அப்படியிருக்க அந்தப் பொருள் எங்கே முளைத்தது?

கல்லெழுத்து:
வெல்ஷிலும் அதே பொருள் இருக்கிறதே! அந்த மாற்றம் பிரிட்டனில் நிகழ்ந்து, அங்கிருந்து கடல் கடந்த கிறிஸ்தவர்களோடு அயர்லாந்து வந்தது என்பதே என் வாதம். குடிவழிக்கு 'கெனேல்', 'ஃபினே' என்ற சொந்தச் சொற்கள் ஐரிஷில் இருந்தன. அவற்றை எவரும் பறிக்கவில்லை.

நெடுவழி:
செடியைப் பிள்ளையாகப் பார்ப்பது எந்த மக்களுக்கும் இயல்பு என்பதைத் தென்னம்பிள்ளையே சொல்கிறது. அப்படியானால் இரு கரைகளிலும் அம்மாற்றம் தனித்தனியே நிகழ்ந்திருக்கலாம். பிரிட்டன் வழியாகத்தான் வந்தது என்பதற்கு இன்னும் சான்று வேண்டும்.