வானம் தோண்டும்போது கிடைத்த காசுச் செம்பு யாருக்குச் சொந்தம்?

ஓட்டுவீடு (கேள்வி):
எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீட்டுக்கு வானம் தோண்டிக்கொண்டிருக்கிறோம். கொல்லைப்புற மூலையில் மண் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அக்கா, மண்வெட்டியில் ஏதோ தட்டுகிறதே என்று கையால் மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒரு செப்புச் செம்பு. வாயைச் சுண்ணாம்புக் காரையால் பூசி அடைத்திருக்கிறது, ஓரம் பெயர்ந்த இடத்தில் பயறு அளவுக்குச் சின்னச் சின்னப் பொற்காசுகள் தெரிகின்றன. அவர் ஒன்றைக்கூடத் தொடாமல் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது மேஸ்திரி தனக்கும் பங்கு வேண்டும் என்கிறார். சித்தப்பாவோ பட்டா நம் பேரில் இருக்கிறது, பாட்டி புதைத்ததாகத்தான் இருக்கும், சத்தம் போடாமல் உருக்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

சிவில்பக்கம்:
தம்பி, முதலில் சித்தப்பாவை நிறுத்துங்கள். இதற்கென்றே 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள்ளோ மண்ணோடு ஒட்டிய கட்டடத்துக்குள்ளோ மறைத்து வைத்திருந்த எந்த மதிப்புள்ள பொருளும் புதையல்தான். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில். பொருளைப் பக்கத்து அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு வரவேண்டிய பங்கு அரசுக்குப் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அதற்கு உடந்தையாக இருந்த நிலக்காரருக்கு ஆறு மாதம் வரை.

அப்புறம் கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார். நான்கு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறித்து, உரிமை கோருபவர்கள் வரலாம் என்பார். அந்த நாளில் பட்டாவோடு போய் நில்லுங்கள், போகாவிட்டால் உரிமை போய்விடும். பாட்டி புதைத்தது என்று சொல்வதானால் கடந்த நூறு ஆண்டுக்குள் புதைத்தது என்று காட்ட வேண்டும், கலெக்டர் அவகாசம் கொடுத்தால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். வாய்ப்பேச்சு எடுபடாது.

யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலக்காரருக்கு. ஆமாம், நீங்கள் படித்தது சரிதான்.

ஓட்டுவீடு:
அப்படியானால் முக்கால் பங்கு அந்த அக்காவுக்கா? கூலி நாங்கள் கொடுக்கிறோமே, மேஸ்திரிதான் ஆளைக் கூட்டி வந்தார்.

சிவில்பக்கம்:
கூலியாள் கண்டெடுத்தால் கூலி கொடுத்தவருக்குச் சேரும் என்ற வரி அந்தச் சட்டத்தில் இல்லை. மேஸ்திரி வேண்டுமானால் கலெக்டர் முன் வாதாடிப் பார்க்கட்டும். ஆனால் மண்ணை விலக்கிப் பார்த்தது யார் என்று ஊருக்கே தெரியும்போது அவர் பெயரை விட்டுவிட்டு மனு எழுதினால் அது பொய் மனு. இங்கிலாந்தில் 1896-இல் ஒரு வழக்கு, லிச்ஃபீல்டு ஊரில் குளம் தூர்வாரிய கூலியாள் சேற்றில் இரண்டு தங்க மோதிரங்களைக் கண்டெடுத்தார், தீர்ப்போ நிலத்துக்குச் சொந்தமான தண்ணீர் கம்பெனிக்குத்தான் கிடைத்தது. புதையல் விஷயத்தில் நம் சட்டம் அப்படி நிலக்காரர் பக்கமே சாயவில்லை. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது, அந்த அக்கா ஒரு பிடி அள்ளி இடுப்பில் செருகியிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பழங்காசு:
செம்பைத் திறக்காதீர்கள், புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பயறு அளவு என்றால் பணம் என்று அந்தக் காலத்தில் வழங்கிய சிறு பொற்காசாக இருக்கலாம், ஒன்று அரை கிராம்கூட வராது. உருக்கினால் கிடைப்பது வெறும் தங்க விலை. யார் அச்சடித்தது, எந்தக் காலம் என்பதெல்லாம் அதோடு போய்விடும், திரும்ப வராது. 2020-இல் திருவானைக்காவல் கோயிலில் 505 பொற்காசுகள் கிடைத்தது நினைவிருக்கும், ஒழுங்காகக் கருவூலத்துக்குப் போனது. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் செப்புத் திருமேனிகளில் பல இப்படி மண்ணிலிருந்து வந்தவைதான்.

பஸ்பயணி:
இடையில் ஒரு சந்தேகம். பஸ்ஸில் கிடக்கும் நகைக்கும் இதே சட்டமா?

சிவில்பக்கம்:
இல்லை, அது தொலைந்த பொருள், புதைத்த பொருள் இல்லை. அதற்கு 1872 ஒப்பந்தச் சட்டம். எடுத்தவர் காப்பாளர் மாதிரி பத்திரமாக வைத்திருந்து உரியவரைத் தேட வேண்டும். உரியவர் சன்மானம் அறிவித்திருந்தால் வழக்குப் போட்டே வாங்கலாம். தேடாமல் அமுக்கிக்கொண்டால் குற்ற வழக்கு.

ஓட்டுவீடு:
மிக்க நன்றி. தாசில்தார் ஆபீஸில் கொடுத்தால் போதுமா?

சிவில்பக்கம்:
மனு கலெக்டர் பேருக்கு எழுதுங்கள், நகலைத் தாசில்தாருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் கொடுங்கள். செம்பைக் கிடந்த இடத்தோடு படம் எடுத்து வையுங்கள். ஒப்படைக்கும்போது எடை போட்டு, காசுகளை எண்ணி மகஜர் எழுதச் சொல்லுங்கள், அதில் அந்த அக்காவின் கையெழுத்தும் இருக்கட்டும், ரசீது வாங்காமல் வராதீர்கள்.