காயின் பாக்ஸ் போன்: ரிங் போகும்போதே காசை விழுங்குகிறது, பெட்டி பழுதா லைன் பழுதா?

பழையமணி:
கடை கவுன்ட்டரில் வைக்கும் சிவப்பு ஒரு ரூபாய் காயின் பாக்ஸ். லேண்ட்லைனில் ஒழுங்காக ஓடியது. இப்போது சிம் போடும் ஜிஎஸ்எம் டெர்மினலில் (லேண்ட்லைன் போனை மொபைல் நெட்வொர்க்கில் இணைக்கும் கருவி) மாட்டியிருக்கிறது. எதிர்முனையில் யாரும் எடுக்காவிட்டாலும் ஏழெட்டு ரிங்கில் காசு உண்டியலில் விழுந்துவிடுகிறது. எடுத்துப் பேசினால் 60 விநாடி ஆவதற்குள் கட். சின்ன ஒரு ரூபாயைப் போட்டால் அப்படியே கீழே தள்ளுகிறது. என்ன பார்க்கணும்?

லைன்மேன்63:
சார், முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அது பெட்டியில் இல்லை. எதிர்முனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் லைனின் பிளஸ், மைனஸை மாற்றிப் போடும். இதுதான் ரிவர்சல். அதைப் பார்த்துத்தான் பெட்டி காசைக் கீழே விட்டு நேரத்தை எண்ணத் தொடங்கும். ரிவர்சல் வராத லைனில் மாட்டினால், 'இவ்வளவு நேரம் ஆச்சு, எடுத்திருப்பார்கள்' என்று டைமரை வைத்து ஊகிக்கும் பெட்டிகள் உண்டு. உங்களுடையதும் அப்படித்தான் செய்கிறது. ரிங் போகும்போதே எண்ணத் தொடங்கிவிடுவதால்தான் பேச்சு நேரமும் குறைகிறது.

சோதனை: மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து லைனின் இரண்டு ஒயரிலும் பிடியுங்கள். ரிசீவர் கீழே இருந்தால் 48 வோல்ட் சுற்றி (டெர்மினலில் 24 கூட வரும்), எடுத்தால் 10-க்குக் கீழே. மீட்டரை எடுக்காமல் உங்கள் செல்லுக்கு டயல் செய்து, செல்லில் எடுங்கள். அந்த நொடியில் மீட்டரில் மைனஸ் குறி வரணும், இருந்தால் போகணும். மாறவில்லையென்றால் டெர்மினல் செட்டிங்கில் 'போலாரிட்டி ரிவர்சல்' ஆஃபில் இருக்கிறது, அல்லது அந்த மாடலில் அது கிடையவே கிடையாது. இரண்டாவதானால் டெர்மினலைத்தான் மாற்றணும். பெட்டியில் கை வைக்காதீர்கள்.

நாணயப்பித்து:
காசு விஷயம் வேறு. 1992-ல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். 2011-ல் வந்த ₹ குறி போட்டது 22 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, 3.79 கிராம். பெரிய காசுக்கு அளந்து வைத்த பாதையில் சின்னது பக்கவாட்டில் நழுவி ரிட்டர்ன் வழியில் போய்விடும். அதற்கும் முந்தைய 6 கிராம் காசு செப்பு-நிக்கல், காந்தத்தில் ஒட்டாது. காந்தம் வைத்து சோதிக்கும் பெட்டி அதையும் துப்பும். பாதையில் தகடு ஒட்டிக் குறுக்குகிறார்கள் சிலர். செய்யாதீர்கள், பெரிய காசு நடுவில் சிக்கி நிற்கும். இரண்டு அளவுக்கும் செட் செய்த வேலிடேட்டர் (காசைச் சோதிக்கும் பாகம்) கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் 'பெரிய காசு மட்டும்' என்று எழுதி ஒட்டுவதுதான் நேர்மை.

கடல்தாண்டி:
ரிவர்சல் இல்லாத தொல்லை அமெரிக்காவிலும் இருந்தது. 1984-ல் தனியாரும் காசு போன் வைக்கலாம் என்று அனுமதி வந்தது. 'கோகாட்' என்பார்கள். கட்டணக் கணக்கு முழுக்கப் பெட்டிக்குள் இருந்த சிப்பில்தான். எதிர்முனை எடுத்துவிட்டது என்ற சிக்னல் எக்ஸ்சேஞ்சிலிருந்து வராத இடத்தில் பேச்சுக் குரல் கேட்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் நேரத்தை எண்ணும். அறிவிப்புக் குரலுக்கும் காசு போச்சு! அதைவிடக் கடுப்பு, நம்பர் அடித்து முடித்ததும் கீபேட் செத்துவிடும் பெட்டிகள். காலிங் கார்டு (கட்டணத்தை நம் கணக்கில் சேர்க்கும் அட்டை) எண்ணை எப்படி அடிப்பது? வேறு கம்பெனி வழியாகப் பேச உதவும் குறியீட்டு எண்களையும் பூட்டி வைத்தார்கள். அதைத் தடுக்க 1990-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. அழைப்பவருக்கு இலவசமான 800 எண்ணுக்குப் பேசினால் பெட்டிக்காரருக்குச் சல்லிக் காசு கிடைக்காது என்பதுதான் பல தில்லுமுல்லுக்கு வேர். 1996 சட்டம்தான் அந்த அழைப்புகளுக்கும் அவருக்குப் பங்கு உண்டு என்றது.

பழையமணி:
மைனஸ் குறி மாறவில்லை. மெனுவில் ரிவர்சல் ஆஃபில்தான் இருந்தது. ஆன் செய்ததும் எடுத்த பிறகே காசு விழுகிறது. ஆனால் டயல் செய்து நாலைந்து விநாடி அமைதி, பிறகுதான் ரிங். இது சரியா?

லைன்மேன்63:
சரிதான். இன்னும் எண் வருமா என்று டெர்மினல் காத்திருக்கிறது. கடைசியில் ஹாஷ் அடித்தால் பெரும்பாலான டெர்மினல்கள் உடனே அனுப்பிவிடும். பெட்டி ஹாஷை உள்ளே விடவில்லையென்றால் டெர்மினல் மெனுவில் அந்தக் காத்திருப்பை 3 விநாடியாக்குங்கள். அதற்கும் கீழே போனால் மெதுவாக டயல் செய்பவரின் எண் பாதியிலேயே போய்விடும்.