விளம்பரம் இருக்கிறது, பொருள் இல்லை: புதிதாக வந்திருக்கும் வாங்க-விற்க வரி விளம்பரத் தளங்களில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

குடியாத்தத்துக்காரி

போன சித்திரையில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ரவிக்கை தைக்க ஒரு கால் மிஷின் தேவைப்பட்டது. புதிது வாங்கக் கையில் பணமில்லை. நம் பக்கத்து ஊர்களுக்கென்று அப்போது புதிதாக வந்திருந்த ஒரு தளத்தில், சத்துவாச்சாரியில் ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பு, தேக்குப் பலகை, 3,500 ரூபாய். படத்தில் சக்கரத்தின்மேல் ஒரு பெண்ணின் கை, இரண்டு கண்ணாடி வளையலோடு. எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. தளத்தின் வழியாகச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. ஆனால் தெருப் பெயரும் பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு என்பதும் விளம்பரத்திலேயே இருந்தன. சரி, நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று சின்னவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சித்திரையில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கதவைத் திறந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் "மிஷினுக்கா வந்தீங்க?" என்றார். "அது போன ஆவணியிலேயே வித்தாச்சுங்க. அம்மா போயும் நாலு மாசமாச்சு."

விளம்பரம் போட்டதே அந்த அம்மாதானாம். எடுக்க வேண்டுமென்றால் அவர் எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்துவிட்டது. வாரத்துக்கு ஒருவராவது இப்படி வந்து நிற்கிறார்களாம். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் சின்னவள் போனைக் காட்டி, "இந்த வளையல் கை அவங்களோடதா அண்ணா?" என்று கேட்டுவிட்டாள். அவர் போனை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தர வெகு நேரமாயிற்று.

போட்டவர் புதுப்பிக்காவிட்டால் முப்பது நாளில் விளம்பரம் தானாகப் போய்விட வேண்டும். இது இல்லாத தளத்தை நான் இனித் திறக்கப் போவதில்லை. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

தோட்டப்பாளையம் மாடிவீடு

அக்கா, உங்களுக்கு விளம்பரம் இருந்தது, பொருள் இல்லை. எங்களுக்கு நேர்ந்தது நேர் எதிர். வீடு இருந்தது, விளம்பரம் எங்களுடையது இல்லை.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் எங்கள் மாதிரி பல வீடுகளில் மாடியை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். வங்காளம், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருகிறவர்கள் பத்து நாள், சில சமயம் மூன்று மாதம்கூட இருப்பார்கள். சமைக்க ஓர் அடுப்பு, மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரம், இவ்வளவுதான் அவர்கள் தேடுவது.

ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணி. வாசல் தெளிக்க வந்த என் மனைவி உள்ளே ஓடிவந்து என்னை எழுப்பினாள். வாசலில் வயதான தம்பதி, கூட ஒரு பையன், நான்கு பெட்டி. ராத்திரியெல்லாம் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்திருக்கிறார்கள். பையன் போனை நீட்டினான். திரையில் எங்கள் வீடு. எங்கள் துளசி மாடம், பொங்கலுக்கு என் மகள் போட்ட கோலம், பச்சை கேட், எல்லாம் அப்படியே. எவனோ தெருவில் நின்று படமெடுத்து, மாடி வாடகைக்கு என்று போட்டு, அவர்களிடம் டோக்கன் அட்வான்ஸ் 4,000 ரூபாய் வாங்கியிருக்கிறான். அந்தப் பெரியவர் சண்டைக்கு வரவில்லை. திரையையும் கேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாடியில் வேறொரு குடும்பம் இருந்தது. கீழ் ஹாலைத் திரை போட்டுத் தடுத்து ஆறு நாள் தங்க வைத்தோம். பிறகு பாபுராவ் தெருவில் இடம் கிடைத்தது.

இப்போது நாங்கள் ஒரு புதுத் தளத்தில்தான் போடுகிறோம். கதவு எண் தெரிகிற மாதிரி வாசலிலிருந்து மாடிவரை ஒரே வீடியோவாக எடுத்துக் கேட்டார்கள். கரண்ட் பில்லும் அனுப்பச் சொன்னார்கள். எனக்கு அன்று முழுக்க வேலை கெட்டது, ஆனாலும் சந்தோஷமாகச் செய்தேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே அந்த எவனோ ஒருவனிடம் யாராவது கேட்டிருந்தால், அந்தப் பெரியவர் வாசலில் அப்படி நின்றிருக்க மாட்டார்.

பொய்கைப் பக்கத்து விவசாயி

குடியாத்தம் அம்மா சொல்கிற முப்பது நாள் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன் விற்கிறவனுக்கு அது சரி. மாடு விற்கிறவனுக்கும் மனை விற்கிறவனுக்கும் சரிவராது. எனக்கு விளம்பரம் போட்டுத் தருவது சென்னையில் இருக்கிற மகன். மாதா மாதம் அவனைக் கூப்பிட்டுப் புதுப்பி, புதுப்பி என்று சொல்ல முடியுமா?

ஆனால் எனக்கும் ஒன்று நடந்தது. ஜெர்சி கலப்பு ஒன்றை தை மாதம் போட்டோம். தலைச்சன் ஈத்து, நாலு பல், வேளைக்கு ஆறு லிட்டர். சொன்ன விலை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். ஆடியில் ஆரணிப் பக்கமிருந்து ஒருவர் வண்டியோடு வந்தார். வந்ததும் மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். பல்லை எண்ணித்தான் மாட்டின் வயதைச் சொல்வோம். ஆறு பல். "நாலுன்னு போட்டிருக்கீங்களே" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக மாடு விற்கிறேன், பல்லில் நான் பொய் சொன்னதில்லை. தையில் அது நாலு பல்தான். அதை நான் எப்படி மெய்ப்பிப்பேன்? போட்ட தேதி அந்த விளம்பரத்தில் எங்குமே இல்லை. "சில மாதங்களுக்கு முன்" என்று மட்டும் மங்கலாக ஒரு மூலையில் இருந்தது. வெறும் வண்டியோடு திரும்பிப் போனார்.

அழிக்க வேண்டியதில்லை. தேதியைப் பெரிதாகப் போட்டால் போதும்.

இன்னொன்று. எங்கள் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடித்துவிடுவோம். தளத்தில் போனால் கம்பெனி என்ன, மாடல் என்ன, எந்த வருஷம் என்று கேட்கிறது. மாட்டுக்கு அதெல்லாம் ஏது? எத்தனையாவது ஈத்து, எத்தனை பல், சினையா, வேளைக்கு எத்தனை லிட்டர், சுழி எப்படி, இதற்கெல்லாம் கட்டம் வேண்டும். இப்போது வந்திருக்கிற ஒன்றில் அப்படி இருக்கிறது, கறக்கிற வீடியோவும் ஏற்றலாம். அதில் போட்ட கிடேரி ஒன்பது நாளில் போனது.

மாற்றலாகி வந்தவள்

சுருக்கமாகச் சொல்கிறேன். வேலூருக்கு மாற்றல். "வேலூர், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம், இரண்டு படுக்கையறை" என்று பார்த்துப் பேசி முடித்து வந்தால், வீடு அரக்கோணத்தில்! மாவட்டம் 2019இலேயே மூன்றாகப் பிரிந்துவிட்டது. அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அந்தத் தளத்தின் பட்டியலில் மட்டும் இன்னும் எல்லாமே வேலூர். வீட்டுக்காரர் மேல் தவறில்லை, ஊரைக் குறிக்கத் தளம் அவருக்குக் கொடுத்த கட்டம் அதுதான். பூட்டைத் திறந்துகொண்டே "நீங்க வேலூர் டவுனுக்கா தினமும் போவணும்?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது பின்கோடு போட்டு இத்தனை கிலோமீட்டருக்குள் என்று தேட முடிகிற தளம் ஒன்றைத்தான் பார்க்கிறேன். ஆம்பூரும் வேலூரும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன என்பது அதற்குத் தெரிகிறது.

காட்பாடி ஹாஸ்டல்

படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது சின்ன ஃபிரிட்ஜை விற்கப் போட்டேன். போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று ஒருவர் பேசினார். விலையைக் குறைத்தே கேட்கவில்லை. கியூ.ஆர். படம் வந்தது. ஸ்கேன் செய்தேன். யு.பி.ஐ. பின் நம்பர் கேட்டது. நான்காவது எண்ணில் விரல் வைத்தபோது, பணம் வாங்க எதற்குப் பின் நம்பர் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியும் அழுத்தினேன். அந்த ஒரு நொடிதான் இன்னும் உறுத்துகிறது. 6,000 ரூபாய், அப்பா பஸ்ஸுக்கும் லாரிக்கும் அனுப்பியது.

பழைய வடாற்காடு

தம்பி, மனதை விட்டுவிடாதே. எனக்கும் ஒன்று உண்டு. ஸ்கூட்டரை ஆன்லைனில் பார்த்து வந்த பையனுக்கு விற்று, ஆர்.சி. புக்கையும் கையெழுத்துப் போட்ட படிவங்களையும் அவனிடமே கொடுத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து இரவு ஒன்பது மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, டிஎன் 23 என்று என் வண்டி எண்ணைச் சொல்லி, இது எங்கே என்று கேட்டார். வண்டி விபத்தில் சிக்கியிருந்தது. பேர் மாற்றவே இல்லை. என் மனைவி சாதம் பிசைந்த கையோடு நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. அதைக் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடிப்பதற்கும் மறுநாள் அடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடியும். பழைய போன் வாங்கினால் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண்ணைப் பாருங்கள். கே.ஒய்.எம். என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு அனுப்பினால், முடக்கப்பட்ட போனா என்று தெரியும். வண்டி என்றால் பேர் மாற்றப் படிவம் 29, 30. கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35உம் வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் செய்யாமல் விட்டது அதைத்தான். மனை விளம்பரம் என்றால் முதலில் ரெரா, அதாவது மனை, வீட்டு விற்பனையைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் கிளம்பவே வேண்டாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

விவசாயி ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. நான் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்த காலத்து ஆள். வரிக்கு இத்தனை ரூபாய் என்பதால் "2 பெட்ரூம், கா.வசதி, சைவம்" என்று வெட்டி வெட்டி எழுதுவோம். ஆனால் தாளின் தலையிலேயே தேதி இருந்தது. அடுத்த ஞாயிறு அந்தத் தாளில் வடை மடித்திருப்பார்கள். பழையதை நம்பி யாரும் பஸ் ஏறவில்லை. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் தன் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து கிளம்பிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்தில்கூட விளம்பரம் தானாகக் காலாவதியாகும். போட்டவரின் உண்மையான மின்னஞ்சலையும் வெளியே காட்டாது. 2006இல் ஓ.எல்.எக்ஸ்., 2008இல் குவிக்கர் என்று இந்த வழி நமக்குப் பழகியே பல வருஷம் ஆகிறது. புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் இதையாவது பார்த்துச் செய்யலாம். தேதி போட்டால் போதும் என்கிறீர்கள். உங்களிடம் வந்த ஆரணிக்காரர் தேதி இருந்தாலும் பார்த்திருப்பாரா? படத்தையும் விலையையும் பார்த்துத்தான் எல்லோரும் கிளம்புகிறோம்.

பொய்கைப் பக்கத்து விவசாயி

மாடு வாங்குகிறவன் தேதி பார்ப்பான். வாயைப் பிளந்து பார்க்கிறவன் தேதியை விட்டுவிடுவானா?

குடியாத்தத்துக்காரி

ஐயா, ரெராவும் ஆர்.சி. புக்கும் என் கதைக்குத் தேவைப்படவில்லை, இருந்தாலும் ஸ்கூட்டர் விஷயம் என் வீட்டுக்காரருக்குப் பயன்படும், காட்டுகிறேன். விவசாயி அண்ணா, மாட்டுக்குத் தனிக் கெடு வைக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

நான் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த விளம்பரத்தின் அடியில் "விற்றுவிட்டது எனத் தெரிவிக்க" என்று ஒன்று இருந்ததைப் பார்த்தேன். அழுத்தி, போட்டவர் உயிரோடு இல்லை என்று இரண்டு வரி எழுதினேன். மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. சத்துவாச்சாரித் தம்பிதான். அன்று, ஒருவேளை தேவைப்படும் என்று என் எண்ணை அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "அக்கா, விளம்பரம் போயிடுச்சு, நன்றி. அந்தப் படம் உங்க போன்ல இருக்குதா? அம்மா போன் உடைஞ்சிபோச்சு, எங்ககிட்ட அது இல்ல" என்றார். பஸ்ஸில் போகும்போது வீட்டுக்காரருக்குக் காட்டவென்று திரையைப் படம் பிடித்து வைத்திருந்தேன். விலை, "அழைக்க" பொத்தான், எல்லாம் அதில் இருந்தன. அப்படியே அனுப்பினேன்.

மிஷின் இன்னும் கிடைக்கவில்லை. மோட்டார் வேண்டாம், கால் மிஷின் போதும். குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

பள்ளிகொண்டா

என் சித்தி வீட்டில் ஒன்று சும்மாதான் இருக்கிறது அக்கா. பெல்ட் மாற்ற வேண்டும், பாபின் கேஸ் இல்லை. இன்று காலையில்கூட அதன்மேல்தான் துணி மடித்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்து மிதித்துப் பாருங்கள், விலை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.