சென்சரைத் துடைப்பதா, வழிப்பதா?

வணக்கம்.

காமிராச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த விவாத இழையில், காமிராவுக்குள் படம் பதியும் சென்சரைச் சுத்தம் செய்யும் 'சென்சர் கிளீனிங்' என்பதற்கு 'உணரித் துப்புரவு' என்று முடிவு செய்து இழையை மூடப்போகிற நேரத்தில் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உணரி பழகிவிட்ட சொல், அதில் எனக்குச் சண்டை இல்லை. துப்புரவுதான் உறுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கைக்கு வாளியும் விளக்குமாறும்தான் ஞாபகம் வரும். இது கையால் செய்கிற வேலை. பெயரே கையைத் தப்பான பக்கம் தள்ளக் கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தேரிக்காட்டில், செம்மண் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, அவசரத்தில் லென்ஸ் மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எஃப்/16இல் எடுத்த வானம் முழுக்கப் புள்ளி. எஃப்/4இல் எடுத்தவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. எஃப் எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறுக்கும்; துளை சிறுக்கச் சிறுக்கத் தூசியின் நிழல் கூர்மையாகும், அவ்வளவுதான். வெள்ளைச் சுவரை எஃப்/22, ஒளியுணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கெடுத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். (கை ஆடினாலும் கவலை இல்லை. தூசியும் காமிராவோடு சேர்ந்துதானே ஆடுகிறது.) ஏழு புள்ளிகள்.

அடுத்து நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். வாயால் ஊதினேன். ஏழு எட்டாயிற்று, எட்டாவது என் எச்சில். அதை எடுக்கக் காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கொண்டுபோனேன். நார் ஒட்டிக்கொண்டது, கூடவே ஒரு நீண்ட கோடு. கடைசியில் பழுது பார்ப்பவரிடம் போனபோது அவர் காமிராவைக் கையில் வாங்குமுன்பே கேட்டார்: "வாயால ஊதினீங்களா?"

அதனால்தான் தூசியைக் காற்றால் தள்ளும் 'புளோயர்' என்பதற்கு முன்மொழிந்திருக்கும் 'ஊதுகுழல்' வேண்டாம் என்கிறேன். ஊதுகுழல் அடுப்படிப் பொருள், வாய் வைத்து ஊதுவது. எதைச் செய்யக் கூடாதோ அதையே அந்தப் பெயர் செய்யச் சொல்கிறது. ரப்பர் குமிழைப் பிதுக்கினால் காற்று வருகிறது. கொல்லன் பட்டறையில் இதைச் செய்தது துருத்தி. 'கைத்துருத்தி' என்று வைத்தால் வாய்க்கும் வேலையில்லை, டப்பாவில் அடைத்து விற்கும் காற்றுக்கும் இடமில்லை. அந்த டப்பாக் காற்றோடு சில சமயம் உள்ளிருக்கும் திரவமும் பீய்ச்சிக்கொண்டு வந்து கண்ணாடியில் படிந்துவிடும். கைத்துருத்தியை அழுத்தும்போது காமிராவின் வாய் தரையைப் பார்த்திருந்தால் கிளம்பிய தூசி தானாகக் கீழே விழும்.

கண்ணாடி என்றதும் இன்னொரு வம்பு. நாம் தொடுவது உணரியையே அல்ல, அதன் மேல் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியை. சரி, 'கண்ணாடியைத் துடைக்கலாம்' என்று ஒரு கையேட்டில் எழுதினால் டிஎஸ்எல்ஆர் வகைக் காமிரா வைத்திருப்பவர் எதைத் துடைப்பார்? லென்ஸைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரிவது, சாய்ந்து நிற்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் பூச்சு முன்பக்கமே இருக்கிறது, தொட்டால் கீறிவிடும். தமிழில் இரண்டும் கண்ணாடிதான், மூக்குக்கண்ணாடியும் சேர்த்தால் மூன்று. பள்ளிப் பாடநூல் குழியாடி, குவியாடி என்று வழி காட்டியிருக்கிறது. காமிராவுக்குள் இருப்பதை 'ஆடி' என்றும் உணரி மேல் இருப்பதைக் 'காப்புக் கண்ணாடி' என்றும் பிரித்துவிடலாம். "ஆடியைத் தூக்கி நிறுத்து, காப்புக் கண்ணாடியை மட்டும் தொடு" என்றால் குழப்பமில்லை. ஆடியைத் தூக்கி நிறுத்தப் பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். பாதியில் தீர்ந்தால் ஷட்டர் திரை நம் கருவி மேலேயே மூடும்.

இப்போது முக்கியமான வினைக்கு வருகிறேன். 'துடைத்தல்' என்றால் நம் கை என்ன செய்யும்? மேசையைத் துடைப்பதுபோல முன்னும் பின்னும் போகும், கறை போகவில்லையென்றால் அழுத்தும். தேரி மணல் ஒரு துகள் அடியில் சிக்கியிருந்தால் போதும், கண்ணாடியில் கோடு விழும். உணரியே அசைந்து கை நடுக்கத்தை ஈடுகட்டும் காமிராக்களில் அழுத்தம் இன்னும் ஆபத்து. செய்ய வேண்டியது வேறு. முழுச் சட்டக உணரி 36×24 மி.மீ.; அதற்கு 24 மி.மீ. அகலத்தில் தட்டையான மட்டை வருகிறது (அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரிக்கு 16 மி.மீ.). நுனியில் இரண்டு சொட்டுத் திரவம். ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. மட்டையைத் திருப்பி, மறுபக்கத்தால் திரும்பி ஒரே இழுப்பு. அப்புறம் அது குப்பைக்கு.

இதற்குத் தமிழில் வினை தயாராக இருக்கிறது: வழித்தல். நெற்றி வியர்வையை விரலால் வழித்து உதறுகிறோம். பாட்டி பேரனின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பாளே, அந்த அழுத்தம்தான் காப்புக் கண்ணாடிக்கு வேண்டிய அழுத்தம். ஒரே திசை, ஒரே தடவை. ஆகவே திரவம் தொட்டுச் செய்யும் 'வெட் கிளீனிங்' ஈரவழிப்பு, அந்த மட்டை, அதாவது 'ஸ்வாப்', வழிப்பான்.

'ஈரம்' என்றால் தண்ணீர் தொட்டுவிடுவார்களே என்று ஒருவர் பயந்திருந்தார். நியாயம்தான். இதற்கென விற்கும் திரவங்களில் சில மெத்தனால். உடனே ஆவியாகித் தடம் விடாது. நம்மூரில் அந்தப் பெயர் கள்ளச்சாராயச் சாவுகளின்போது செய்தியில் வரும். நஞ்சு, தீப்பற்றும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். திரவத்தின் பெயரைக் கையேட்டில் வெளிப்படையாக எழுதிவிட்டால் 'ஈரம்' இருக்கட்டும்.

மொத்த வேலைக்குத் 'தூசிநீக்கம்' என்ற யோசனை அழகுதான், ஆனால் போதாது. 2012இல் வந்த நிக்கான் டி600 காமிராவின் உணரியில் புள்ளிகள் விழுகின்றன என்று புகார் எழுந்து, 2014இல் அந்த நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தந்தது நினைவிருக்கும். அந்தப் புள்ளிகளில் எண்ணெய்த் துளிகளும் உண்டு என்று பயன்படுத்தியவர்கள் எழுதினார்கள். எண்ணெய் ஊதினால் போகாது. தூசி வேறு, கறை வேறு.

காமிராவே அதிர்ந்து தூசியைத் தட்டிவிடும் வசதிக்கும் சொல் கேட்டிருந்தார்கள். அதை 2003இல் ஒலிம்பஸ் இ-1 காமிரா கொண்டுவந்தது. 'தன்னுதறல்' என்கிறேன். ஆக, உதறல், ஊதல், வழிப்பு. இந்த வரிசையில்தான் செய்யவும் வேண்டும்; முதல் இரண்டில் போய்விட்டால் மூன்றாவது வேண்டாம். என் ஏழு புள்ளிகளில் ஐந்து கைத்துருத்தியிலேயே போயிருக்கும் என்றார் பழுது பார்ப்பவர்.

* * *

அண்ணை, நல்ல விளக்கம். கைத்துருத்தியும் ஆடியும் எனக்குப் பிடித்திருக்கு. ஆனால் வழிப்பான் எண்டால் எங்கட பக்கம் முதலில் மனதில வாறது சவரக்கத்தி. முகம் வழிக்கிறது எண்டுதானே சொல்லுறம். உணரிக்குக் கிட்ட கத்தியைக் கொண்டுபோற மாதிரி இருக்கு. 'ஒற்றி' எண்டு வைச்சால் என்ன? மென்மையாயும் இருக்கும்.

* * *

தம்பி, சவரத்தை யோசிக்காமல் விட்டது என் தவறு. இங்கேயும் தாடியை வழிப்பது உண்டு.

'ஒற்றி' காதுக்கு இதம். ஆனால் ஒற்றுவது என்றால் வைத்து வைத்து எடுப்பது, புண்ணில் பஞ்சு ஒற்றுவதுபோல. இந்த மட்டையால் அப்படிச் செய்தால் ஒற்றிய இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். அதே சமயம், நுனியில் பிசுபிசுப்பான பசைக்கட்டி வைத்த குச்சி ஒன்று விற்கிறார்கள் பாருங்கள், துகள் மேல் வைத்து எடுத்து, ஒட்டுத்தாளில் அழுத்திச் சுத்தம் செய்வது. அதற்கு 'ஒற்றி' அச்சாகப் பொருந்துகிறது. அதை இழுத்தால்தான் ஆபத்து.

மட்டைக்குக் கத்தி வாடை வராமல் 'வழிமட்டை' என்று வைக்கலாமா? மட்டையால் யாரும் சவரம் செய்வதில்லை. 'வழி'யைப் பாதை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று மட்டும் எனக்கு உள்ளூரச் சந்தேகம். உங்கள் பக்கத்தில் காமிரா வைத்திருக்கும் இரண்டு பேரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் சொல்லை மட்டும் சொல்லி, கையால் என்ன செய்து காட்டுகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.