போர்க்கால நாவலில் ஆண்–ஆண் காதல்: எதைப் படிக்கலாம்?

பாளை வாசகன்: அண்ணாச்சிமாரே, 1943இல் பர்மா எல்லைக்குப் போன திருநெல்வேலிப் பட்டாளத்துக்காரர் இருவரின் காதலைக் குறுநாவலாக எழுதுகிறேன். கடைசியில் ஒருவன் குண்டடிபட்டுச் சாகிறான். ஏதோ இடிக்குது.

பொருநைக்கரை: இடிக்கிறது அந்தச் சாவுதான் வே. காதலித்தவனைக் கொன்றுவிட்டால் எழுதுகிறவருக்குச் சோலி முடிஞ்சுது. வாசகருக்கோ அது தண்டனையாகப் படும். மேரி ரெனோவின் ‘தி சேரியட்டீர்’ (1953) படியும். இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் டன்கர்க்கில் காலில் காயம்பட்ட லாரி ராணுவ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மனசாட்சிப்படி ஆயுதம் ஏந்த மறுத்த ஆண்ட்ரூ அங்கே வார்டு வேலை பார்க்கிறான். காதல் வளர்வது போர்முனையில் இல்லை, வார்டிலும் சமையற்கட்டிலும். ஆண்–ஆண் உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். அப்படியிருந்தும் லாரியும், அவன் காதலிக்கும் இன்னொருவனான ரால்ஃபும் உயிரோடு மிஞ்சுகிறார்கள்.

நெல்லை மதினி: பெண்–பெண் காதலுக்குச் சாரா வாட்டர்ஸின் ‘தி நைட் வாட்ச்’ (2006). கதை 1947, 1944, 1941 எனப் பின்னோக்கிப் போகும். பிரிவை முதலிலேயே காட்டிவிடுவதால், ‘சேருவார்களா’ என்ற கேள்வி போய் ‘எப்படித் தொடங்கியது’ என்பதே மிஞ்சும். உங்கள் கதைக்கும் பொருந்தும்.

பொருநைக்கரை: இன்னொன்று. பட்டாளத்துக் கடிதங்கள் தணிக்கைக்குப் போகும். ஆண்–ஆண் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவும் அப்போது அமலில் இருந்தது. ஒருவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மற்றவனை எழுத வையும். ‘கண்ணே’ எல்லாம் வேண்டாம். ‘ஆத்துல தண்ணி வந்துட்டாம், குறுக்குத்துறைக்குச் சேர்ந்து போவோம்’ போதும். தணிக்கைக்காரர் தாண்டிப் போயிருவார், அவன் தாண்ட மாட்டான்.