நாக் சென்சாரை நம்பி டைமிங் ஏத்தலாமா?

ஜிப்ஸி_74:
வண்டி பழைய ஜிப்ஸி கிங். ஜி13பிபி இன்ஜின், 1298 சிசி. கம்ப்ரஷன் கொஞ்சம் ஏத்தி, கம்பெனி ஈசியுவை (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) கழட்டிட்டு, நாமளே செட் பண்ணிக்கற ஸ்டாண்ட்அலோன் ஈசியு போட்டாச்சு. இனி டைமிங் மேப் போடணும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னாடி ஸ்பார்க் அடிக்கணும்ங்கிற அட்டவணை. இன்ஜின் பிளாக்ல நாக் சென்சார் (பெட்ரோல் கண்டபடி வெடிச்சு இன்ஜின் தட்டற சத்தத்தைப் பிடிக்கற சென்சார்) மாட்டி, தட்டற வரைக்கும் டைமிங்கை ஏத்தி, தட்டினதும் ரெண்டு டிகிரி இறக்குன்னு ஒருத்தர் சொல்றார். சென்சாரே வேஸ்ட், காது போதும்ங்கிறார் இன்னொருத்தர். யார் பேச்சைக் கேக்கறதுங்க?

டைனோ_பித்தன்:
ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க. தட்டற இடம் வேற, டார்க் (இன்ஜினோட முறுக்கு விசை) உச்சத்துக்குப் போற இடம் வேற. டைமிங்கை ஒவ்வொரு டிகிரியா ஏத்தினா ஒரு இடத்துக்கு மேல டார்க் ஏறாது. அதுதான் எம்பிடி, அதிகபட்ச டார்க் கிடைக்கற டைமிங். 100 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் ஜாஸ்தின்னா லேசுல தட்டாது) ஊத்தினா அந்த இடத்தைத் தாண்டிப் போயும் சத்தமே வராம இருக்கலாம். சென்சார் கம்முனு இருக்கும், சிலிண்டர்ல பிரஷர் ஏறிக்கிட்டே போகும், அடி வாங்கறது பேரிங். டைனோல (டார்க்கை அளக்கற மெஷின்) டார்க்கைப் பார்த்து டைமிங் வைங்க.

ஸ்பேனர்_செட்டு:
அண்ணே, டைனோ ரூம்ல பெரிய ஃபேன் ஓடும். மே மாசம் மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறும்போது யார் ஃபேன் பிடிப்பா? ஒரு பங்க்ல ஆக்டேன் கம்மி, இன்னொரு பங்க்ல ஜாஸ்தி. நீங்க போடற மேப் அந்த ஒரு நாளைக்குத்தான், மத்த நாளைக்குக் காவல் வேணாமா? அமெரிக்க கார் கம்பெனி பியூக் 1978லயே டர்போ வி6 இன்ஜின்ல சென்சார் வச்சு, தட்டினா டைமிங்கை இறக்கினான்.

டைனோ_பித்தன்:
பியூக் தன்னோட இன்ஜினுக்குத் தானே அளந்து வச்சான் தம்பி. நம்மாளுங்க ஏதோ காருல கழட்டின சென்சாரை எங்கயோ முறுக்கிட்டு வர்றாங்க. ஃபோர்ஜ்டு பிஸ்டன் குளிர்ல தட்டும், 6000 ஆர்பிஎம்முக்கு மேல வால்வு சத்தமே காதை அடைக்கும். ஒரு கார்ல பொய்யான நாக் சத்தத்துக்கு ஈசியு 8 டிகிரி இறக்கி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச்செவேல்னு ஆனதை நானே பார்த்தேன். இறக்கினா பத்திரம்னு நினைக்கறாங்க. சூடெல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம்ல போகுது?

ஸ்பேனர்_செட்டு:
அது மாட்டினவன் குத்தம். 74 மிமீ போருக்கு (சிலிண்டர் விட்டம்) நாக் சத்தம் ஏறக்குறைய 7.5 கிலோஹெர்ட்ஸ்ல வரும், ஃபில்டரை அங்க வைக்கணும். பிஸ்டன் உச்சத்தைத் தாண்டி 10ல இருந்து 60 டிகிரி வரைக்கும் மட்டும் கேட்டாப் போதும், வால்வு சத்தத்துல பாதி அப்பவே போயிரும். சென்சாரை 2, 3 சிலிண்டருக்கு நடுவுல, பெயின்ட் சுரண்டின பரப்புல, வாஷர் இல்லாம, 20 நியூட்டன் மீட்டர்ல முறுக்கணும். நம்மூர்ல ஸ்ப்ரிங் வாஷர் போட்டு இறுக்கிட்டு சென்சாரைத் திட்டறாங்க.

கியர்_லூசு:
காதாலயே கேக்கலாம். பிளாக்ல செப்புக் குழாய், அதுல ரப்பர் ட்யூப், அந்தப் பக்கம் காது மூடி. 200 ரூவா கூட ஆகாது. எங்க பட்டறைல இன்னமும் அதான்.

ஸ்பேனர்_செட்டு:
7000 ஆர்பிஎம்ல உங்க காதுக்குத் தனியா ஃபில்டர் இருக்குங்களா?

ஜிப்ஸி_74:
சண்டை அப்புறம். எவ்வளவு சத்தம் வந்தா நாக்னு சென்சாருக்கு எப்படிச் சொல்றது?

ஸ்பேனர்_செட்டு:
நல்ல பெட்ரோல் ஊத்துங்க. டைமிங்கை 5, 6 டிகிரி இறக்கி, தட்டவே தட்டாத நிலையில ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. அது இன்ஜினோட சாதாரண இரைச்சல். நாக்னு சொல்ற எல்லைக் கோட்டை அதுக்குக் கொஞ்சம் மேல போடுங்க. கோட்டைத் தாண்டினா ஈசியு 3 டிகிரி இறக்கி, மெதுவாத் திருப்பி ஏத்தட்டும்.

டைனோ_பித்தன்:
கோடு போடற முறை சரி, ஒத்துக்கறேன். ஆனா மேப் போடும்போது ஈசியு தானா இறக்கறதை ஆஃப் பண்ணிருங்க, பதிவு மட்டும் ஓடட்டும். நீங்க ஏத்த ஏத்த அது இறக்கிட்டே இருந்தா, திரையில தெரியற டார்க் எந்த டைமிங்குக்கு உள்ளதுன்னே புரியாது. இன்னொண்ணு, ப்ளக் சூட்டுல பழுத்து, ஸ்பார்க்குக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கிச்சுன்னா டைமிங்கை இறக்கி என்ன பிரயோஜனம்? சென்சார் சொல்றதுக்குள்ள பிஸ்டன்ல ஓட்டை.

ஸ்பேனர்_செட்டு:
ஆஃப் பண்ணா முதல் தட்டுலேயே ரிங் லேண்ட் (பிஸ்டன்ல ரிங்கைத் தாங்கற விளிம்பு) போச்சுன்னா? முழு த்ராட்டில்ல ஆன்லயே இருக்கட்டும், 6 டிகிரிக்கு மேல இறக்காதபடி எல்லை வச்சாப் போதும். இதுல நான் மாற மாட்டேன்.

ஜிப்ஸி_74:
நேத்து டைனோ ஏத்தினேன். ஆஃப் பண்ணித்தான். 3200ல எப்பவும் ஒரு கூர்மையான சத்தம். டைமிங்கை 8 டிகிரி இறக்கியும் அதே உயரம். இன்ஜினைத் தடவிப் பார்த்தா ஆல்டர்னேட்டர் பிராக்கெட் போல்ட் லூசு. முறுக்கினதும் காணோம். நிஜ நாக் 4400ல மட்டும்தான்.

ஸ்பேனர்_செட்டு:
பிராக்கெட் லூசுன்னு காட்டிக் கொடுத்தது யாருங்ணா? சென்சார்தானே.

டைனோ_பித்தன்:
இறக்கறதை ஆன்ல விட்டிருந்தா அந்த லூஸ் போல்ட்டுக்காக ஆயுசு முழுக்க 3200ல டைமிங் இறங்கியிருக்கும். அது இருக்கட்டும், 4400ல என்ன பண்ணீங்க?

ஜிப்ஸி_74:
மூணு டிகிரி இறக்கினேன். சத்தம் போயிருச்சு. டார்க்ல பெருசா ஒண்ணும் குறையலை.